முப்பத்தாறு ஜப்லா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை நான் யாரிடமும் ஒளித்ததில்லை. சேக்காட்டில் எங்கள் ஆரம்பப் பள்ளியில் பதினோரு வருடம் தையல் டீச்சராக இருந்தவள் நான். அந்தப் பதினோரு வருடத்தில் என்னிடம் திட்டு வாங்காத பிள்ளை ஒன்று உண்டு என்றால், அது பள்ளிக்கே வராத பிள்ளையாகத்தான் இருக்கும். ரிஜிஸ்டரில் என் பெயர் லோகநாயகி. பிள்ளைகளுக்கு நான் ஊசி டீச்சர். அது எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு!

மற்ற ஊர்ப் பள்ளிகளில் தையல் என்றால் பெண் பிள்ளைகள் மட்டும் உட்காருவார்கள், பையன்கள் மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள். எங்கள் பள்ளியில் அந்தக் கதையே கிடையாது. பாதிப் பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் ஃபேக்டரியில் வேலை. "தெச்சித்தான் டீச்சர் எங்கப்பா சோறு போடுறாரு" என்று ஐந்தாம் வகுப்பு வேம்புலி நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். கோவில்பதாகையிலிருந்து நடந்து வருகிற பையன். அவன் தாத்தா காலம் வரை ஏர் ஓட்டிய குடும்பம். இப்போது அப்பா மெஷின் ஓட்டுகிறார். ஊசியைப் பிடிக்க வெட்கப்படுகிற ஆண் பிள்ளை ஒருவனைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை.

இது நடந்தது எண்பத்தெட்டாம் வருடம். பாட்டு டீச்சரின் பணியிடத்தை அதற்கு முந்தைய வருடமே எடுத்துவிட்டார்கள். டிராயிங் மாஸ்டர் ரிட்டயர் ஆனார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. தனிப்பாடம் என்று பள்ளியில் மிச்சம் இருந்தது நானும் என் ஊசிப் பெட்டியும்தான். ஜனவரி கடைசியில் ஒரு கடிதம் வந்தது. தலைமையாசிரியர் ரகுநாதன் சார் அதைப் படித்துக் காட்டினார். இன்னும் ஆறு வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருவார், தையல் வகுப்பைப் பார்ப்பார், ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் முழுதாகத் தைத்த உடுப்பு ஒன்றைக் காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் ஜூன் மாதம் முதல் தையல் வகுப்பும் இல்லை, தையல் டீச்சரும் இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், அந்த ரெண்டு பீரியடும் கணக்குக்குக் கெடைச்சா நாலு பிள்ளைங்க ஸ்காலர்ஷிப் வாங்கும்" என்றார் ரகுநாதன் சார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நாலு பேருக்கு ஸ்காலர்ஷிப் சார், சரி. மீதி முப்பத்திரண்டு பேருக்குக் கை இருக்கே, அதை என்ன பண்றது?" என்று கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

ஆவடி மார்க்கெட்டில் மெல்லிய வெள்ளை மல் துணி வாங்கினேன். பிள்ளைக்கு ஒன்று என்று முப்பத்தாறு ஜப்லா தைப்பது என்று முடிவு. பிறந்த குழந்தைக்குப் போடுகிற, பின்னால் நாடா கட்டுகிற சின்னச் சட்டை. சின்னதுதான், ஆனால் அதில் எல்லாம் உண்டு. தோள் சேர்க்க வேண்டும், பக்கம் மூட்ட வேண்டும், கழுத்துக்குப் பட்டி வைக்க வேண்டும், அடியை மடித்துத் தைக்க வேண்டும். எனக்கு வாரத்தில் இரண்டு பீரியட்தான் என்பதால், மத்தியானம் சாப்பிட்டபின் பின் வராந்தாவில் உட்கார்ந்து தைத்துக்கொள்ளுங்கள் என்று துணியைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தேன். அந்த வராந்தாப் பக்கம் நான் எட்டிப் பார்க்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

அதிகாரி வருவதற்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, முப்பத்தாறையும் வாங்கி மேஜைமேல் பரப்பினேன். என்ன அழகு! ஒரு சுருக்கம் இல்லை, ஒரு பிசிறு இல்லை. மனம் குளிர்ந்துபோனது. கொஞ்ச நேரம்தான். தையல் என்பது கையெழுத்து மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும். இங்கே ஒன்பது ஜப்லாவில் கழுத்துத் தையல் ஒரே கை. இன்னொரு பன்னிரண்டில் அடி மடிப்பு ஒரே கை.

"இந்தக் கழுத்து யார் தைச்சது?" என்றேன்.

கஸ்தூரி எழுந்தாள். "நான் டீச்சர்."

"இது?"

"அதுவும் நான்தான் டீச்சர்."

ஒன்பதும் அவள்தான். மறைக்கிற முகமே இல்லை, பரிசு வாங்க வந்தவள் மாதிரி நின்றாள். வேம்புலி தானாகவே எழுந்து விளக்கம் சொன்னான். "லைன் போட்டோம் டீச்சர். எங்கப்பா ஃபேக்டரில அப்டித்தான். கஸ்தூரிக்குக் கழுத்து நல்லா வருது, அது கழுத்து. எனுக்கு அடி மடிப்பு. வெட்றதுக்கு ரெண்டு பேரு, நூலு கோக்கறதுக்கு ஒர்த்தன். ஒரே ஆளு எல்லாத்தியும் செஞ்சிகினு இருந்தா வேல நாசமாப் பூடும் டீச்சர்."

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அங்கே கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் கோவில்பதாகைதான். அவள் கையில் ஊசியைக் கொடுத்தால் தையல் வயலில் மாடு மேய்ந்த தடம்போல் எங்கெங்கோ போகும். அவளைத் திட்டித் திட்டி எனக்கே தொண்டை கட்டியிருக்கிறது.

"கன்னியம்மா என்ன செஞ்சா?"

"அது செக்கிங் டீச்சர்" என்றான் வேம்புலி. "அதுக்குத் தெய்க்க வராது, ஆனா கண்ணு கீதே, சூப்பரு! பதினாலு பீஸு ரிஜெக்ட் பண்ணிச்சு. எல்லாத்தியும் பிரிச்சு மறுபடி தெச்சோம்."

"ஏமாத்துக்காரப் பசங்களா!" என்று கத்தினேன். மேஜையில் நான் தட்டிய தட்டில் ஊசிப் பெட்டி கீழே விழுந்தது. "தனித்தனியா தைங்கன்னு சொன்னா கூட்டுச் சேர்ந்து தைச்சு என் தலையில மிளகாய் அரைக்கிறீங்களா? அதிகாரி வந்து ஒருத்தரைக் கூப்பிட்டு, நீ தைச்சதைக் காட்டுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?" திட்டு பிள்ளைகளுக்குப் புதிது இல்லை, அந்த ஏமாத்துக்காரன் என்ற சொல்தான் புதிது. கஸ்தூரி அழுதாள். கன்னியம்மா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரகுநாதன் சார் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கு ஏன் டீச்சர் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறீங்க? ஒவ்வொரு ஜப்லாவிலயும் ஒரு பிள்ளை பேரைச் சீட்டு எழுதிக் குத்துங்க. அவர் என்ன, தையலை எண்ணிப் பார்க்கப் போறாரா?" வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அதுவே வழி என்று பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புதன்கிழமை உட்கார்ந்து முப்பத்தாறு சீட்டும் என் கையாலேயே எழுதினேன்.

அன்று சாயங்காலம் ஃபேக்டரி விட்டுச் சைக்கிள்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற நேரத்தில் கஸ்தூரியின் அம்மா பார்வதம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். சேலத்துக்காரர். ஃபேக்டரியில் தையல் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு.

"டீச்சர், எம்பொண்ணு நேத்திலிருந்து சரியாச் சாப்பிடல. ஏமாத்துக்காரின்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன்" என்றேன். நான் விடுவேனா? "ஒவ்வொருத்தரும் முழுசாத் தைக்கணும்னு உத்தரவு. இதுங்க பங்கு போட்டுத் தைச்சிருக்குதுங்க. அதுக்குப் பேரு என்னம்மா?"

பார்வதம் குரலை உயர்த்தவில்லை. "நான் பதினாலு வருசமாக் காலர் வைக்கிறேன் டீச்சர். காலர் மட்டும்தான். ஒரு முழுச் சட்டை தைச்சுக் குடுன்னு கேட்டா நானே தடுமாறுவேன். ஆனா நான் வெச்ச காலரு பனியில நிக்கிற சிப்பாய் கழுத்துல இருக்குது. அப்ப நானும் ஏமாத்துக்காரியா?"

என் வாயை அடைத்தவர்கள் ரொம்பக் குறைவு.

அவர் மேஜைமேல் இருந்த சீட்டுகளைப் பார்த்தார். ஒன்றை எடுத்துப் படித்தார். மகள் பெயர் போட்ட சீட்டு. "சேர்ந்து செஞ்சதைச் சேர்ந்து செஞ்சோம்னு சொல்றதுல என்னங்க டீச்சர் தப்பு? இப்படிச் சீட்டு எழுதிக் குத்தினாத்தான் ஏமாத்து" என்று சொல்லி அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

அடி வாங்கினது போல இருந்தது. நான் திட்டிய சொல்லுக்குச் சொந்தக்காரி நான்தான். முப்பத்தாறு சீட்டையும் கிழித்துப் போட்டேன். வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அந்த வேலை எனக்கு வேண்டும், அந்த வகுப்பு எனக்கு உயிர். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பொய் சொல்ல வைத்துத்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்களைத் திட்டுவது?

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி சண்முகசுந்தரம் வந்தார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. கறார்ப் பேர்வழி என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தோம். சுவரில் கயிறு கட்டி ஜப்லாக்களைத் தொங்கவிட்டிருந்தேன். அவர் ஒன்றை எடுத்து உள்ளும் புறமும் பார்த்தார்.

"நன்றாக இருக்கிறதே. யார் தைத்தது?"

பதினோரு கைகள் உயர்ந்தன.

ரகுநாதன் சார் முகத்தில் ஈ ஆடவில்லை. அதிகாரி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நான் ஒரு உடுப்பைக் காட்டிக் கேட்டேன் டீச்சர்."

"ஒரு உடுப்புதான் சார். பதினோரு பேர் தைச்சாங்க. எல்லாமே அப்படித்தான்" என்று சொல்லி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. டீச்சரே தைத்துவிட்டுக் கதை விடுகிறாள் என்று நினைத்திருப்பார். முன் வரிசையில் இருந்த வேம்புலியைக் கூப்பிட்டு, "நீ ஒருவனே ஒரு சட்டையை முழுதாகத் தைப்பாயா?" என்று கேட்டார்.

"வராது சார்" என்றான் வேம்புலி, கொஞ்சமும் யோசிக்காமல். "எனுக்குக் கழுத்து வராது. அடி மடிப்புன்னா சொல்லுங்க, ஜம்முனு பண்றேன்."

அதிகாரி நோட்டைத் திறந்து ஏதோ எழுத ஆரம்பித்தார். பதினோரு வருடம் அந்தப் பேனா முனையில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு என் குணம் வந்துவிட்டது. "எழுதறதுக்கு முன்னாடி ஒரு பீரியட் குடுங்க சார்! நாற்பது நிமிஷம். வெறும் துணியிலிருந்து உங்க கண் முன்னாடி முடிச்சுக் காட்டுவாங்க. நான் ஊசியைத் தொட மாட்டேன். இதோ, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றேன். கொஞ்சம் உரக்கத்தான் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி."

அப்பா, அந்தப் பிள்ளைகளைப் பார்த்திருக்க வேண்டும்! பெஞ்சுகளை இழுத்து வரிசை போட அரை நிமிடம் ஆகவில்லை. ஒருவன் துணியை மடித்துப் பிடித்தான், ஒருத்தி சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டினாள். இரண்டு தோளையும் இரண்டு பேர் ஒரே சமயத்தில் மூட்டினார்கள். வாங்குகிற கை காத்திருக்கவில்லை, கொடுக்கிற கை தேங்கவில்லை. "சீக்கிரம் தா", "நூலு", "இந்தா" என்பதைத் தவிர ஒரு பேச்சு இல்லை. கஸ்தூரி கழுத்துக்குப் பட்டி வைத்தபோது அவள் விரல் ஓடிய வேகத்தில் ஊசி கண்ணில் படவில்லை. பதினோரு வருடத்தில் இப்படி ஒரு வகுப்பை நான் நடத்தியதே இல்லை. என் பிள்ளைகள் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

முப்பத்து நாலாவது நிமிடம் வேம்புலி அடி மடிப்பை முடித்து, நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, ஜப்லாவைக் கன்னியம்மாவிடம் கொடுத்தான்.

அவள் அதை அவசரப்படாமல் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். தையல்களைக் கண்ணால் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, கழுத்துப் பட்டியைத் தன் கழுத்தில் வைத்து முன்னும் பின்னும் தேய்த்தாள். மறுபடி ஒரு இடத்தில் தேய்த்தாள்.

"ரிஜெக்ட்" என்றாள்.

"உள்ள முடிச்சு தூக்கினுகீது. பிரி" என்று கஸ்தூரியிடம் நீட்டினாள். இன்னும் ஆறு நிமிடம்கூட இல்லை. ரகுநாதன் சார் என் காதருகே, "விடச் சொல்லுங்க டீச்சர், வெளியில தெரியாது" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கன்னியம்மாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். விட்டுவிடு என்று தலையை லேசாக ஆட்டினேன். அதிகாரி முன்னால், என் வேலைக்காக, நானே செய்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் ஜாடை அவளுக்குப் புரிந்தது, அதில் சந்தேகமே இல்லை. பார்த்துவிட்டு மறுபடி கஸ்தூரி பக்கம் திரும்பி, "பிரிடீ, நேரமாவுது" என்றாள்.

கஸ்தூரி பிரித்தாள். முகம் சுளிக்கவில்லை. பட்டி பாதி ஏறும்போதே மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து முட்டினார்கள். நாற்பது நிமிடம் என்று வாய் கிழியச் சொன்னவள் நான்தானே. அதிகாரி எழுந்திருப்பார் என்று பார்த்தேன். அவர் கையைக் காட்டி வாசலில் நின்ற பிள்ளைகளை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிக்கொண்டார். மணி அடித்து ஏழு நிமிடம் கழித்துக் கன்னியம்மா மறுபடி கழுத்தில் வைத்துத் தேய்த்தாள். "ஓகே" என்று சொல்லி அதை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் வாங்கிக்கொண்டு அவளைக் கேட்டார். "மணி அடிக்கப் போகிறது என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"நான் யார் என்று தெரியுமா?"

"தெரியும் சார். பெரிய ஆபீசரு."

"பின்னே ஏன் அதை விடவில்லை?"

கன்னியம்மா அவரை விநோதமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. "இத்தப் போட்டுக்கப் போறது கொயந்த சார், நீங்க இல்லியே. எங்க ஊட்ல தம்பிப் பாப்பா கீது. முடிச்சு இருந்தா உறுத்தும். அதுக்கு வாய் தொறந்து சொல்லத் தெரியாது, அழுவும், அவ்ளோதான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் திரும்பினார். "இந்தப் பெண்ணுக்குத் தையலில் எவ்வளவு மார்க் போட்டிருக்கிறீர்கள்?"

மார்க் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். ஐம்பதுக்குப் பன்னிரண்டு. அதைவிடக் குறைவாக நான் யாருக்கும் போட்டதில்லை. அவர் ரிஜிஸ்டரை மூடி என்னிடமே தந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பார்வைக் குறிப்பேட்டில் அவர் எழுதியதை ரகுநாதன் சார் எல்லோருக்கும் கேட்க வாசித்தார். மாணவர் ஒவ்வொருவரும் முழு உடுப்புத் தைக்கக் கற்கவில்லை, அது குறை. எனினும் அதிகாரியின் முன்னிலையிலும் குறையுள்ள பொருளை ஏற்க மறுக்கும் வகுப்பை என் பணிக்காலத்தில் இதுவரை கண்டதில்லை. தையல் வகுப்பும் பணியிடமும் தொடர வேண்டும். பிள்ளைகள் கத்திய கத்தலில் மேலே ஓடு பறந்திருக்கும். ரகுநாதன் சாரே கை தட்டினார். கணக்குப் பீரியட் போன வருத்தம் அவர் முகத்தில் அப்போது இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதைவிடப் பெருமை தாங்கவில்லை.

கடைசி மணி அடித்து எல்லோரும் போனபின் கன்னியம்மா மட்டும் கீழே விழுந்த நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாத வாய், தடுமாறியது.

"கன்னியம்மா, உனக்குப் பன்னிரண்டு மார்க் போட்டேன். உங்களை எல்லாம் ஏமாத்துக்காரங்கன்னு சொன்னேன். இன்னிக்கு உன்னைப் பார்த்துக் கண்ணு வேற காட்டினேன். இந்த வகுப்புல ரிஜெக்ட் ஆக வேண்டியது நான்தான்டீ."

அவள் நூலைப் பொறுக்குவதை நிறுத்தினாள். தலையைச் சாய்த்து என்னை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள்.

"அவ்ளோலாம் இல்ல டீச்சர்" என்றாள். "பிரிச்சுத் தெச்சா சரியாப் பூடும்."